ஏவலும் நகையும்: ஹஷெக்கின் ‘நல்ல போர்வீரன் ஷ்வெய்க்’

இலக்கியத்தின் மிகப் பழைய பொருள்களுள் போரும் ஒன்று. பண்டைத் தமிழர் அதனைப் புறத்திணையாக வகுத்து, ஆநிரை கவர்தல் முதலாக நிலையாமை உணர்தல் ஈறாக அதன் கூறுகளை ஆராய்ந்தனர். கிரேக்கர் அதனைக் காவியமாகச் சமைத்தனர். இவ்விரு மரபிலும் போர் பெருமிதத்துக்கும் அவலத்துக்கும் நிலைக்களனாயிற்று. வீழ்ந்தவனுக்கு நடுகல்லும் வென்றவனுக்கு வாகையும் சூட்டிய புலவர்கள், போரைக் கண்டு நகைப்பதற்கு இடமுண்டென எண்ணினரா என்பது ஆராயத்தக்கது.

இடமுண்டு என்பதற்கு நம் பழம்பாட்டொன்று சான்று. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது கூறியதாக அமைந்துள்ளது புறநானூற்றின் 95 ஆம் பாட்டு. தொண்டைமானின் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுப் பொலிகின்றன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. கேட்பவனுக்குப் புகழாகவும் உணர்பவனுக்கு இகழாகவும் ஒலிக்கின்ற இவ்வகைக் கூற்றைத் தொல்காப்பியர் பழிகரப்பு அங்கதம் என்பர். வெளிப்படையாக வைவதைச் செம்பொருள் அங்கதம் என்று அவர் பிரித்துக் கூறுவர்.

எனினும் ஔவையாரின் நகை ஓர் அரசனின் அனுபவமின்மையைக் குத்துகின்றதேயன்றிப் போர் என்னும் செயலையே நகைக்கு உரியதாக்கவில்லை. போரையே நகைப்பொருளாக்கும் இலக்கியம் இக்காலத்துப் போர் தோன்றிய பின்னரே பெருகலாயிற்று. வேலும் வாளும் ஏந்தி ஒருவன் மற்றொருவனை நேர்நின்று பொருத காலத்தில் வீரம் என்பதற்கு ஒரு பொருள் இருந்தது. புகையிரதமும் தந்தியும் கோப்பும் முத்திரையும் கொண்டு இலட்சக்கணக்கானோரைப் பண்டங்களைப்போல ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பும் போரில் அப்பொருள் தேய்ந்தது. இம்மாற்றத்தை முதன்முதலில் முழுமையாகக் கண்டு நாவலாக்கியவர்களுள் செக் எழுத்தாளர் யாரொஸ்லாவ் ஹஷெக் தலையாயவர். அவருடைய ‘உலகப் போரின்போது நல்ல போர்வீரன் ஷ்வெய்க்குக்கு நேர்ந்தவை’ என்னும் நாவலை ஈண்டு ஆராய்வாம்.

ஹஷெக் 1883 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் நாள் பிராக் நகரிற் பிறந்தார். அந்நகர் அப்போது ஒஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. ஏறத்தாழ ஐந்து கோடி மக்களைக் கொண்ட அப்பேரரசில் ஜேர்மானியரும் மகியாரும் செக் மக்களும் போலந்தியரும் உக்ரேனியரும் பிறருமாகப் பல இனத்தார் வாழ்ந்தனர். அவர்களை ஒன்றாகப் பிணித்தவை 1848 முதல் அரியணையிலிருந்த முதலாம் பிரான்ஸ் யோசெப் பேரரசரின் திருவுருவப் படமும், எங்கும் பரந்திருந்த அலுவலகங்களும், இராணுவமுமே எனலாம். அவ்விராணுவத்தில் ஏவல்மொழி ஜேர்மன். எம்மொழி பேசும் வீரனும் ஏறக்குறைய எண்பது ஜேர்மன் ஏவற்சொற்களை அறிந்திருத்தல் வேண்டுமென்பது விதி. தன்னை ஏவுபவனின் மொழியில் ஏவற்சொற்களை மட்டுமே அறிந்த மனிதன் என்னும் இந்நிலையை மனத்திருத்துதல் நாவலின் நகையை உணர்தற்குத் துணைசெய்யும்.

ஹஷெக்கின் வாழ்வும் ஒழுங்கிற்கு அடங்காதது. விலங்குகள் பற்றிய இதழொன்றின் ஆசிரியராக இருந்து, இல்லாத விலங்குகளைப் படைத்து எழுதினார். 1911 இல் ‘சட்ட எல்லைக்குட்பட்ட மிதமான முன்னேற்றக் கட்சி’ என்ற பெயரில் ஒரு கட்சியைத் தோற்றுவித்துத் தேர்தல் அரசியலையே கேலிக்கூத்தாக்கினார். ஷ்வெய்க் என்னும் பாத்திரம் அவருடைய சிறுகதைகளில் முதன்முதல் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. 1915 இல் 91 ஆம் காலாட்படைப் பிரிவிற் சேர்க்கப்பெற்றுக் கலீசியப் போர்முனைக்குச் சென்றார். அவ்வாண்டு செப்டெம்பரில் ருஷ்யரிடம் சிறைப்பட்டார். பின்னர் செக் தொண்டர் படையிலும் அதன்பின் செம்படையிலும் பணியாற்றி 1920 டிசெம்பரில் பிராக் திரும்பினார். 1921 இல் இந்நாவலைச் சிறு சிறு பகுதிகளாக வெளியிடத் தொடங்கினார். ஆறு பாகங்களாக எழுதத் திட்டமிட்டிருந்தும், நான்காம் பாகம் முடியுமுன்னரே, 1923 ஜனவரி 3 ஆம் நாள், நாற்பது வயது நிரம்புமுன் காலமானார். யோசெப் லாடா வரைந்த சித்திரங்களோடு ஷ்வெய்க்கின் உருண்டை முகம் உலகெங்கும் பரவியதைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை.

நாவலின் கதை சுருக்கமாகச் சொல்லத்தக்கதே. 1914 ஜூன் 28 ஆம் நாள் சரயேவோ நகரில் இளவரசர் பிரான்ஸ் பேர்டினன்ட் கொல்லப்பட்ட செய்தியை, வீட்டு வேலை செய்யும் முதியவளான முல்லரோவா அம்மையார் ஷ்வெய்க்குக்குத் தெரிவிப்பதோடு கதை தொடங்குகின்றது. வாதநோய் பற்றிய முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக் கொண்டிருக்கும் ஷ்வெய்க், கலப்பின நாய்களுக்குப் பொய்க் குலவரலாறு எழுதி விற்றுப் பிழைப்பவன். முன்னர் இராணுவத்திலிருந்து, மருத்துவக் குழுவினால் மூடன் என அத்தாட்சி பெற்று விலக்கப்பட்டவன். செய்தி கேட்ட ஷ்வெய்க், இறந்தவர் எந்தப் பேர்டினன்ட் என்று வினவுகின்றான். அவனுக்குத் தெரிந்த பேர்டினன்ட்கள் இருவர்: ஒருவன் மருந்துக் கடைப் பணியாள், மற்றவன் நாய்க் கழிவு பொறுக்குபவன்.

அன்று மதுச்சாலைக்குச் சென்றவன் இரகசியப் பொலிஸ்காரன் ஒருவனால் கைதுசெய்யப்படுகின்றான். அதன்பின் பொலிஸ் நிலையம், பித்தர் இல்லம், இராணுவ மருத்துவமனை, இராணுவச் சிறை எனச் சுற்றி வருகின்றான். குடியில் மூழ்கிய மதகுரு கற்ஸ் என்பவருக்கு ஏவலாளாகின்றான். அவர் சூதாட்டத்தில் அவனைத் தோற்க, லெப்டினன்ற் லூக்காஷுக்கு உடைமையாகின்றான். தன் அதிகாரிக்காக அவன் தேடிக்கொடுத்த நாய் ஒரு கேணலிடமிருந்து திருடப்பட்டதென்று வெளிப்படவே, இருவரும் போர்முனைக்கு அனுப்பப்படுகின்றனர். வழியில் புகையிரதத்தைத் தவறவிடுவதும், படைப்பிரிவைத் தேடி நடந்து சுற்றிச் சுழல்வதும், ஒற்றனெனப் பிடிபடுவதும், இறுதியில் ருஷ்ய உடை அணிந்தமையால் சொந்தப் படையினராலேயே பகைவனென்று சிறைப்படுவதும் எஞ்சிய கதை. நூல் நின்றுபோகும் இடம் வரை ஷ்வெய்க் பகைவன்மீது ஒரு வேட்டும் தீர்க்கவில்லை.

இந்நாவலைப் பற்றிய திறனாய்வுகளில் ஒரு வினா மீண்டும் மீண்டும் எழுகின்றது. ஷ்வெய்க் உண்மையில் மூடனா, அல்லது மூடனாக நடிக்கும் சூழ்ச்சிக்காரனா? மூடனெனக் கொள்வோர் நாவலை வெறும் நகைச்சுவைக் கதையாகக் காண்பர். சூழ்ச்சிக்காரனெனக் கொள்வோர் அவனை அடக்குமுறையை எதிர்க்கும் மறைமுக வீரனாக உயர்த்துவர். இவ்விரு கருத்தும் நூலின் உயிர்நிலையைத் தொடவில்லை என்பது எம் கருத்து. அவன் உள்ளத்தை ஹஷெக் ஓரிடத்திலும் திறந்து காட்டவில்லை. நாம் காண்பதெல்லாம் அவனுடைய வெள்ளை முகமும், கீழ்ப்படிந்த சொற்களும், கண் இமைக்காத அன்புப் பார்வையுமே.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தமை இவ்விடத்துப் பெருந்துணையாகின்றது. பேதைமையும் மடனும் ஒன்றெனத் தோன்றும். ஆயினும் ஆசிரியர் அவற்றை வேறாகவே எண்ணினார். பேதைமை அறிவின்மை. மடனாவது பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை எந்நிலையிலும் நழுவவிடாது பற்றியிருத்தல் என்பது உரைமரபிற் காணும் விளக்கம். ஷ்வெய்க்கின் இயல்பை இதனினும் செவ்விதாக உணர்த்தும் சொல்லை யாம் அறியோம். ஏவல் இன்னதென்று கற்பிக்கப்பட்டான், அதனைப் பற்றினான், விட்டானில்லை. அவன் உள்ளே மூடனோ அறிஞனோ என்பது நகைக்கு வேண்டப்படாதது. ஏவலைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றும் ஒருவன் கிடைத்துவிட்டால், அந்த ஏவலின் பொருளின்மை தானே வெளிப்படும் என்பதே ஹஷெக் கண்டுகொண்ட உண்மை.

இதற்கு நாவலிலிருந்து சில சான்றுகள் காட்டுவாம். மருத்துவ அறிஞர் குழு ஷ்வெய்க்கின் அறிவைச் சோதிக்கக் கூடுகின்றது. உள்ளே நுழைந்தவன் சுவரிலிருந்த பேரரசரின் படத்தைக் கண்டு அவர் நீடூழி வாழ்கவென்று முழங்குகின்றான். அறிஞர்களுக்கு ஐயம் தீர்ந்துவிடுகின்றது; அவன் பித்தன் என்று முடிவு செய்கின்றனர். இதனை ஊன்றி நோக்குக. அரசபக்தி ஒவ்வொரு குடிமகனிடமும் வேண்டப்படுவது, சட்டத்தினால் வற்புறுத்தப்படுவது. அதனைத் தயக்கமின்றி ஒருவன் காட்டியவுடன் அரசின் அலுவலர்களே அவனைப் பித்தனென்கின்றனர். அரசபக்தியை உண்மையென்று தாமும் நம்பவில்லை என்பதை அவர்கள் அறியாமலே ஒப்புக்கொள்கின்றனர். ஷ்வெய்க் ஒருவரையும் இகழவில்லை. புகழ்ந்தான், அப்புகழே பழியாயிற்று. ஔவையாரின் பாட்டில் நாம் கண்ட பழிகரப்பு ஈண்டுப் பேரரசு ஒன்றின் அடித்தளத்தையே தொடுகின்றது.

போர் தொடங்கியபோது ஷ்வெய்க் வாதநோயால் நடக்க இயலாதவனாகக் கிடக்கின்றான். ஆயினும் அழைப்பாணை வந்துவிட்டது. முல்லரோவா அம்மையார் சக்கர நாற்காலியைத் தள்ள, ஊன்றுகோல்களை வீசியபடி, பெல்கிரேட்டுக்குப் போவோமென்று கூவிக்கொண்டே பிராக் வீதிகளில் செல்கின்றான். மக்கள் சிரிக்கின்றனர், நாளிதழ்கள் அதனைத் தேசபக்தியின் எடுத்துக்காட்டாக எழுதுகின்றன. மருத்துவமனையோ அவனை நோய் நடிப்பவன் என்று தண்டிக்கின்றது. ஒரே செயல் வீதியில் வேடிக்கை, தாளில் பக்தி, மருத்துவமனையில் குற்றம். போரில் ஒரு செயலின் பொருளை அச்செயல் தீர்மானிப்பதில்லை. அதனைப் பதிவுசெய்யும் அலுவலகமே தீர்மானிக்கின்றது.

புத்திம் என்னும் ஊரில் நிகழ்வதும் இத்தகையதே. அவ்வூர்ப் பொலிஸ் அதிகாரி, வழிதவறி வந்த ஷ்வெய்க்கை ருஷ்ய ஒற்றனென்று நம்பி விசாரிக்கின்றார். புகையிரத நிலையத்தைப் படம்பிடிக்க முடியுமா என்று வினவ, நிலையம் அசையாமல் நிற்பதால் அஃது எளிதென்று அவன் விடையிறுக்கின்றான். அவனிடம் படக்கருவி இல்லை. அதனை அவன் மறைத்துவிட்டான் என்பதற்கு இஃதே சான்று என்று அறிக்கை எழுதப்படுகின்றது. உள்ளது சான்றாவது போலவே இல்லாததும் சான்றாகின்றது. இத்தகைய அறிவுமுறைக்கு எதிராக எவ்வுண்மையும் நிற்க முடியாது.

இரகசியக் குறியீட்டு நிகழ்ச்சி இவற்றிலெல்லாம் நுட்பமானது. படைப்பிரிவின் இரகசியச் செய்திகளை எழுதவும் படிக்கவும் ஒரு ஜேர்மன் நாவலின் இரண்டாம் பாகத்தைத் திறவுகோலாகத் தலைமையகம் வகுத்திருந்தது. நூல்களை அதிகாரிகளுக்கு வழங்கும் பொறுப்பு ஷ்வெய்க்கிடம் வந்தது. எந்நூலையும் முதற்பாகத்திலிருந்தே படித்தல் முறையென்று எண்ணியவன் முதற்பாகத்தை வழங்கிவிடுகின்றான். மறைவாய் வகுத்த பெருந்திட்டம், ஒரு நூலை முறையாகப் படிக்க வேண்டுமென்ற எளிய எண்ணத்தால் உடைந்து போகின்றது. யார் மூடர்? கதையை முதலிலிருந்து படிக்க வேண்டுமென்று நினைத்தவனா, கதையைப் படிக்காமலே அதனைப் போர்க்கருவியாக்கியவர்களா?

இவ்வாறு நகைத்துக்கொண்டே செல்லும்போது நெஞ்சில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. முதலாம் உலகப் போரில் ஒஸ்திரிய–ஹங்கேரியப் படையில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய பேரழிவை நகைப்பொருளாக்குதல் மாண்டோரை அவமதிப்பதாகாதா? போரின் பெயரால் உற்றாரை இழந்தோர் வாழும் மண்ணில் இருந்துகொண்டு இந்நூலைப் படிக்கும் நமக்கு இவ்வினா ஏட்டுச் சுரைக்காய் அன்று. இதற்கு விடை கூறாமல் இந்நூலைப் புகழ்தல் பொறுப்பாகாது.

விடையை நாவலிலேயே காணலாம். ஹஷெக் நம்மை நகைக்க வைக்கும் ஒவ்வோர் இடத்திலும், அந்நகைக்குரிய விலையைச் செலுத்தியவர் யாரென்று எங்கேனும் ஒரு வரியிற் குறித்துவிடுகின்றார். மதுச்சாலை உரிமையாளன் பலிவெட்ஸ் சுவரிலிருந்த பேரரசரின் படத்தை ஈக்கள் அசுத்தப்படுத்தியமையால் கழற்றி வைத்தேன் என்றான். நாம் நகைக்கின்றோம். அவனுக்குக் கிடைத்த தண்டனை பத்தாண்டுச் சிறை. மருத்துவமனையில் நோய் நடிப்போரைத் திருத்தவெனப் பட்டினி, கசப்பு மருந்து, இரைப்பையைக் குழாயிட்டுக் கழுவுதல் முதலாக ஐந்து படிகளில் வதைமுறை வகுக்கப்பட்டிருக்கின்றது. அம்முறையை விளக்கும் வைத்தியரின் பேச்சு நகைப்பூட்டுகின்றது. ஆனால் அவ்வைந்து படிகளையும் தாங்கி நின்று, எளிய பெட்டியொன்றில் இராணுவ மயானத்துக்குச் சென்றோரும் உளர் என்று ஆசிரியர் அமைதியாகச் சொல்லிச் செல்கின்றார்.

சக்கர நாற்காலியைத் தள்ளிச் சென்ற முல்லரோவா அம்மையாரின் கதி யாது? அவரும் கைதாகி இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார் என்பதைப் பின்னர் போகிற போக்கில் அறிகின்றோம். முகாமிலிருந்து அவர் எழுதிய தபாலட்டையில் எல்லாரும் நலமென்று எழுதப்பட்டிருக்கின்றது. அடுத்த கட்டிலில் உள்ளவளைப் பற்றிய நோயின் பெயர் மட்டும் தணிக்கையாளனின் மையினால் அழிக்கப்பட்டிருக்கின்றது. அவ்வட்டையைப் படிக்கும்போது இதழில் நகை தோன்றுகின்றது. தோன்றிய இடத்திலேயே உறைந்து விடுகின்றது. நாவலின் தொடக்கத்தில் இளவரசர் இறந்த செய்தியைக் கொணர்ந்தவர் அவர். இளவரசரின் மரணத்துக்கு உலகம் போரிட்டது. அம்முதியவளின் கதிக்கு ஓர் அஞ்சலட்டையே எஞ்சியது. மாண்டோரை ஹஷெக் அவமதிக்கவில்லை; அவர்களை எண்ணிக்கையிலிருந்து மீட்டுப் பெயரோடு நம்முன் நிறுத்துகின்றார்.

நாவலின் அமைப்பைக் குறைகூறுவோருக்கும் இங்கே ஒரு மறுமொழி கிடைக்கின்றது. கதைப்பின்னல் இல்லை, நிகழ்ச்சிகள் கோக்கப்படாத மணிகளாகச் சிதறிக் கிடக்கின்றன, ஷ்வெய்க் ஓயாமல் தொடர்பற்ற கதைகளைக் கூறிக்கொண்டிருக்கின்றான் என்பர். ஓரளவு உண்மையே. நோயுற்றிருந்த ஆசிரியர் பிற்பகுதிகளைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். மூன்றாம் பாகத்தில் தளர்ச்சி தெரிவதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஷ்வெய்க்கின் கதைகளை ஊன்றிக் கேட்டால் அவற்றில் ஒரு பொதுத்தன்மை விளங்கும். எந்தத் தெருவில் வாழ்ந்தவன், என்ன தொழில் செய்தவன், அவன் பெயர் யாது என்று கூறியே ஒவ்வொரு கதையையும் தொடங்குகின்றான். இராணுவம் மனிதரை எண்ணாக மாற்றுகின்றது. ஷ்வெய்க் எண்களை மீண்டும் மனிதராக்குகின்றான். கசாப்புக்காரனும் செருப்புத் தைப்பவனும் மணியகாரனும் அவன் வாயில் இளவரசருக்கு நிகராக இடம்பெறுகின்றனர். எந்தப் பேர்டினன்ட் என்ற முதல் வினாவின் உட்பொருளும் இதுவே. வரலாறு ஒரே பேர்டினன்டை அறியும். ஷ்வெய்க்கின் நினைவில் மருந்துக் கடைப் பணியாளும் பேர்டினன்டே.

நாவலில் போர் வந்து சேராமையும் கருதத்தக்கது. ஆசிரியர் இறந்தமையால் நூல் முற்றுப்பெறவில்லை. பின்னர் கரெல் வானெக் என்பவர் தொடர்ந்து எழுதினார். ஆயினும் ஹஷெக் எழுதிய பகுதியே ஏறக்குறைய நிறைவுற்றதாகத் தோன்றுகின்றது. போர்முனையை நோக்கிய பயணமே போராக அமைந்துவிட்டது. தாமதமாகும் புகையிரதம், வராத உணவு, மாறிமாறி வரும் கட்டளைகள், கழிப்பிட ஒழுங்கைக் கண்காணிக்கும் தளபதி, தின்பண்டத்தை மிகையாக உண்டு வயிறு கெட்ட இளம் பயிற்சி அதிகாரியைக் கொள்ளை நோயாளனெனப் பதிவு செய்யும் வைத்தியம் என இவையே போரின் பெரும்பகுதி. படையில் இருந்து வந்தவரான ஹஷெக் இதனை நன்கறிவார். போர்க்களத்தை வருணித்திருந்தால் ஒருவேளை அவர் எழுத்திலும் வீரமோ அவலமோ புகுந்திருக்கும். அவ்விரண்டுக்கும் இடந்தராத இடைவெளியில் நாவல் நின்றமை, திட்டமிடாது அமைந்த பொருத்தம் எனலாம்.

இவ்விடத்து ஹஷெக்கை அவர் காலத்து மற்றொரு பிராக் எழுத்தாளரோடு ஒப்பிடல் தகும். பிரான்ஸ் கஃப்காவும் அதே நகரில் அதே 1883 ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஒருவர் செக்கில் எழுதினார். மற்றவர் ஜேர்மனில் எழுதினார். கஃப்காவின் நண்பரான மாக்ஸ் புரோட் ஹஷெக்கின் அருமையைத் தொடக்கத்திலேயே உணர்ந்து பாராட்டியவர்களுள் ஒருவர். செக் மெய்யியலாளர் கரெல் கோசிக் 1963 இல் இவ்விருவரையும் இணைத்து எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. காரணம் கூறாமல் மனிதரைக் கைதுசெய்யும் கண்காணா அதிகாரத்தை இருவருமே கண்டனர். கஃப்காவின் மாந்தர் தம்மீதுள்ள குற்றம் யாதென்று அறியத் தேடித்தேடி அழிகின்றனர். ஷ்வெய்க் தேடுவதில்லை, சாட்டப்பட்ட குற்றம் எதுவாயினும் மனமுவந்து ஒப்புக்கொள்கின்றான். அவ்வாறு ஒப்புக்கொள்பவனை என்செய்வதென்று அறியாமல் அதிகாரம் திகைக்கின்றது.

பின்னர் வந்த போர்நகை நாவல்களுள் யோசெப் ஹெலர் 1961 இல் வெளியிட்ட ‘கச்–22’ சிறந்தது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்கு அருகே ஒரு தீவிலிருந்த அமெரிக்க விமானப் படையைப் பற்றியது அது. பித்தனாயின் பறத்தலிலிருந்து விலக்குப் பெறலாம். விலக்குக் கேட்பவன் தன் உயிரைப் பேணும் அறிவுடையவனாதலால் பித்தனல்லன். ஆகவே பறத்தல் வேண்டும் என்னும் விதி அந்நாவலின் மையம். அதன் தலைவன் யொசாரியன் இப்பொய்ம்மையை உணர்ந்து, வாய்விட்டுக் கூறி, இறுதியில் படையை நீங்கி ஓடுகின்றான். அவன் நகை செம்பொருள் அங்கதத்தைச் சார்ந்தது. ஷ்வெய்க் ஓடுவதில்லை, தன் படைப்பிரிவைத் தேடியே போகின்றான், ஆயினும் போய்ச் சேருவதில்லை. முன்னதில் தலைவன் உணர்கின்றான், நாம் அவனோடு உடன்படுகின்றோம். பின்னதில் உணர வேண்டியவர் நாமே. தலைவன் உணர்ந்ததாக ஆசிரியர் காட்டாமையால், நகைக்கும்போதே தீர்ப்புக் கூறும் பொறுப்பும் நம்மேல் விழுகின்றது.

இன்னொரு தடையையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஷ்வெய்க் போன்றோர் எவரையும் எதிர்ப்பதில்லை. அதிகாரத்தோடு ஒட்டி வாழ்ந்து தம் தோலைக் காத்துக்கொள்கின்றனர். இத்தகையோரைப் போற்றும் சமுதாயம் முதுகெலும்பை இழந்துவிடும் என்று செக் நாட்டிலேயே கண்டித்தோர் உளர். இக்கண்டனத்தில் உண்மை உண்டு. ஷ்வெய்க் நாய் திருடுகின்றான். குடித்த மதகுருவின் போலி வழிபாட்டுக்குத் துணை நிற்கின்றான். அவனை அறத்தின் உருவமாகக் கொள்ளுதல் பிழையே. ஆயின் ஹஷெக் அவனைப் பின்பற்றுமாறு நமக்குக் கூறவில்லை. நூலில் அவன் ஆற்றும் தொழில் கண்ணாடியின் தொழில். கண்ணாடி நேர்மையானதா என்று வினவுவார் இலர். காட்டுவது பொய்யா மெய்யா என்றே வினவுவர்.

அக்கண்ணாடியை அதிகாரங்கள் அஞ்சியமை வரலாறு. ஹஷெக்கைச் சிறைபிடித்த பகைவரோ அவர் நகையாடிய பேரரசோ அந்நூலைத் தடுக்கவில்லை. பேரரசு 1918 இல் நூல் எழுதப்படுமுன்னரே மறைந்துவிட்டது. ஆயினும் 1933 இல் ஜேர்மனியில் நாஜிகள் தீயிலிட்ட நூல்களுள் இதுவும் ஒன்று. இறந்துபோன ஒரு பேரரசைப் பற்றிய கேலியைப் புதிதாய் எழுந்த அரசு ஏன் அஞ்சவேண்டும்? தன் முகத்தையே அதிற் கண்டமையால் என்க. 1943 இல் பேர்டோல்ற் பிரெக்ற் இதே ஷ்வெய்க்கை இரண்டாம் உலகப் போருக்குக் கொணர்ந்து நாடகமாக்கினார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நகை போரைத் தடுக்காது. ஹஷெக்கின் நூல் வெளிவந்து இருபது ஆண்டுகள் நிறையுமுன் மற்றோர் உலகப் போர் மூண்டது. அவ்வாறாயின் இந்நகையின் பயன் யாது? போர் மனிதரிடம் இரண்டைக் கேட்கின்றது: உடலின் கீழ்ப்படிதல் ஒன்று, உள்ளத்தின் வழிபாடு மற்றொன்று. முதலாவதைச் சட்டத்தினாலும் சிறையினாலும் பெற்றுக்கொள்ளலாம். இரண்டாவது மனிதன் தானே கொடுத்தாலன்றிக் கிடைப்பதில்லை; அஃது இல்லையேல் போர் வெறும் கொலைத்தொழிலாகத் தன் உண்மை உருவில் நின்றுவிடும். ஷ்வெய்க் கீழ்ப்படிதலை மிகையாகக் கொடுத்தான். அம்மிகையினாலேயே வழிபாட்டைச் சிதைத்தான். அவன் கதையைப் படித்து முடித்த ஒருவன் பிறகு ஏவலுக்கு உடன்பட நேரலாம். ஆனால் ஏவலை வணங்குதல் அவனுக்கு அரிதாகும். இக்காலத்துப் போரைப் பற்றிய அங்கதம் மனித குலத்துக்குச் செய்யக்கூடிய தொண்டு இதுவே. சிறிதாயினும் இழக்கத்தகாத தொண்டு.